கையெழுத்து யாசகம்

கடன் கேட்கப் போகிறவனுக்கு ஒரு தைரியம் உண்டு. கிடைத்தால் பணம், கிடைக்காவிட்டால் கொடுக்காதவனைத் திட்டிக்கொண்டாவது வீடு திரும்பலாம். வேலைக்குச் சிபாரிசு கேட்கப் போகிறவனும் அப்படித்தான். வயிற்றுப்பாடு என்று ஒன்று பின்னால் நின்று அவன் முதுகைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் அவன் கூச்சம் பாதி கரைந்து போகிறது. விளையாட்டு வீரரிடம் கையெழுத்துக் கேட்கப் போகிறவனுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அவன் கேட்பது சோறா, துணியா, வேலையா? பீரோவில் வைத்துப் பூட்டப் போகிற ஒரு துண்டுக் காகிதம். அதற்காக ஓட்டல் வாசலில் மூன்று மணி நேரம் நிற்கிறான். காவற்காரன் விரட்டினால் எதிர்ச் சாரிக்குப் போய் நிற்கிறான். வீரர் வெளியே வந்ததும் ஓடிப்போய் அசட்டுச் சிரிப்பு ஒன்றை முகத்தில் ஒட்டிக்கொண்டு நோட்டை நீட்டுகிறான். வீட்டில் கண்டிப்பான தகப்பன், ஆபீசில் நாலு பேருக்கு மேலதிகாரி. அந்த அரை நிமிஷத்தில் அவன் பள்ளிக்கூடத்துப் பையனாகிவிடுகிறான். கையெழுத்து கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பி வரும்போது காது மடல் சிவந்திருக்கிறது.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு வெகு நாளாக ஒரு யோசனை. பிறர் அனுபவங்களைக் கேட்டுக் கேட்டு என்னிடம் ஒரு சிறு மூட்டையே சேர்ந்துவிட்டது. அதைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கலாம்.

முதலில் பேனா. வீட்டில் பால் கணக்கும் வண்ணான் கணக்கும் எழுதும்போது ஒழுங்காக ஓடுகிற பேனா, உலகப் புகழ் பெற்ற பந்து வீச்சாளர் கையில் ஏறியதும் எழுத மறுத்துவிடும். அவர் உதறுவார். நாம் வாங்கி உதறுவோம். உள்ளங்கையில் வட்டம் வட்டமாகக் கிறுக்கிப் பார்ப்போம். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். "வேறே பேனா இருக்கா சார்?" என்று வீரரையே கேட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது காகிதம். எதிர்பாராமல் வீரரைக் கண்டவர்கள் எதை நீட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. பஸ் டிக்கெட், பத்து ரூபாய் நோட்டு, போட்டிருக்கிற சட்டையின் முதுகு. எங்கள் தெருக்காரர் ஒருவர் மனைவிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் காரைவிட்டு இறங்குவதைப் பார்த்துவிட்டார். கையில் இருந்தது மருந்துச் சீட்டு ஒன்றுதான். நீட்டினார். அவரும் போட்டுக் கொடுத்துவிட்டார். மருந்துக் கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதிலே எது சார் டாக்டர் கையெழுத்து?" என்று கேட்டாராம். மருந்து கிடைத்தது. அந்தச் சீட்டு இன்றும் அவர் வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. ஆட்டக்காரர் பெயரோடு இருமல் மருந்தின் பெயரும் சிரஞ்சீவியாகிவிட்டது.

இவற்றையெல்லாம்விட ருசிகரமானது ஆள் மாறாட்டம். என் நண்பர் ஒருவர், பாங்கியில் இருப்பவர், விமான நிலையத்தில் நல்ல உயரமான ஒருவரைப் பார்த்தார். நீலச் சட்டை, தோளில் நீளமான பை. ஓடிப்போய் நோட்டை நீட்டினார். அந்த மனிதர் ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து எழுத்துக் கூட்டிப் படித்தால், அது நண்பர் நினைத்த பெயரே இல்லை. உர வியாபாரியோ, கல்லூரி வாத்தியாரோ, யாரோ ஒரு மனிதர். "நான் அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாமே, என்ன அயோக்கியத்தனம்!" என்று நண்பர் என்னிடம் குதித்தார். எனக்கென்னவோ அந்த முகம் தெரியாத மனிதர்மேல்தான் அன்பு பிறந்தது. அவர் வேறொருவர் பெயரைப் போடவில்லை. தம் சொந்தப் பெயரைத்தான் போட்டார். பொய் சொல்லவும் இல்லை. எதிரே ஏந்தி நின்ற முகத்தை வாட வைக்கவும் இல்லை. உடனடியாக அப்படி ஒரு வழி கண்டுபிடிக்கத் தனி மனசு வேண்டும்.

குழந்தையை முன்னால் தள்ளுகிற தகப்பனாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். "என் பையனுக்கு உங்கள்மேல் உயிர் சார்!" பையனுக்கு வயது நாலரை. அவன் பார்வையெல்லாம் பக்கத்தில் பலூன் விற்கிறவன்மேல். "மாமாகிட்டே கேளுடா, கேளுடா" என்று முதுகில் விரலால் குத்துகிறார். பையன் அழ ஆரம்பிக்கிறான். தம் ஆசையைக் குழந்தை தலையில் ஏற்றி அனுப்புவதைக் கோழைத்தனம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வயது வந்த ஒருவன் தன் வாயால் "உங்கள் ஆட்டம் எனக்குப் பிடிக்கும்" என்று இன்னொரு ஆண்பிள்ளையிடம் சொல்ல இவ்வளவு மறைப்பு வேண்டியிருக்கிறதே, அதை அல்லவா நாம் கவனிக்க வேண்டும்?

நம் ஊர் வழக்கத்தில் பெரியவரைக் கண்டால் கும்பிடுவோம், காலில் விழுவோம், திருநீறு கேட்போம். பெயரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிற பழக்கம் பிறகு வந்தது. இங்கே கையெழுத்து என்றால் பத்திரம், பிராமிசரி நோட்டு, பாங்கி. போட்டவன் அகப்பட்டுக்கொள்வான் என்றுதான் அதற்கு அர்த்தம். "கண்டதிலே கையெழுத்துப் போடாதே" என்று சொல்லித்தான் வீட்டுக்கு வீடு பிள்ளை வளர்க்கிறோம். அப்படிப்பட்ட நாட்டில் ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கலர் கலராகத் தாள் வைத்த ஆட்டோகிராப் நோட்டைப் பள்ளியிறுதி வகுப்புப் பிள்ளைகள் கையில் கொண்டுவந்தது யாரோ தெரியவில்லை. அந்த நோட்டில் கூச்சம் கிடையாது. நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன் என்கிற கொடுக்கல் வாங்கல் அது. அதே நோட்டை எடுத்துக்கொண்டு கிரிக்கெட் மைதானத்துக்குப் போகிறபோதுதான் சமாசாரம் மாறுகிறது. அங்கே வாங்குகிறவன் ஒருவன், கொடுக்கிறவன் ஒருவன்.

மாறுகிறது என்று சொன்னேன். உண்மையில் அங்கேதான் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு ஜனவரிக் கடைசியில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் பந்தயத்தைச் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். எதிரே பாகிஸ்தான் அணி. ஜெயிக்க 271 ஓட்டம் வேண்டும். டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 எடுத்துவிட்டு, இன்னும் 17 ஓட்டம் பாக்கி இருக்கும்போது அவுட்டானார். மீதி இருந்த மூன்று விக்கெட்டும் நாலே ஓட்டத்துக்குள் சரிந்தன. 12 ஓட்டத்தில் தோல்வி. மைதானத்தில் சாவு வீடு மாதிரி ஒரு நிசப்தம். பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்து, கூட்டம் முழுவதும் எழுந்து நின்று ஜெயித்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று எழுந்து நின்றவர்களில் யாருக்காவது காது மடல் சிவந்திருக்குமா? நிச்சயமாக இராது. தம்மிடம் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். கொடுக்கிறவனுக்குக் கூச்சம் இல்லை. தோற்ற துக்கத்தோடு கொடுத்ததால் இன்னும் பெரிய மனிதர்களானார்கள். ஆனால் அவர்களிலேயே ஒருவர் அன்று சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு ஓட்டல் வாசலில் போய் நின்றிருந்தால் அவர் யாசகராகிவிடுவார். மனசில் இருப்பது என்னவோ அதே மரியாதைதான். நூறு கஜ தூரத்தில் தானமாக இருந்தது, நாலடி தூரத்தில் பிச்சையாகிறது.

ஏன் அப்படி? பக்கத்து வீட்டு அம்மாள் அரை ஆழாக்குச் சர்க்கரை கைமாற்றுக் கேட்டு வருகிறாள். சர்க்கரைக்காகவா வருகிறாள்? கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். சும்மா வந்து நிற்க வெட்கம். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாள். ஆட்டோகிராப் நோட்டு அந்தக் கிண்ணம். "ஐயா, அன்றைக்கு நீங்கள் ஆடியதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஆபீஸ் கவலையெல்லாம் ஒருநாள் மறந்து போயிற்று. அதைச் சொல்லத்தான் வந்தேன்." இதுதான் சொல்ல வந்த விஷயம். வாய் வருவதில்லை. அதனால் "சார், ஆட்டோகிராப் ப்ளீஸ்" என்கிறோம். அவரும் நம் முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, ஒரு கிறுக்குக் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கிண்ணத்தில் சர்க்கரையைக் கொட்டிக் கதவைச் சாத்தினாற்போல. கேட்டது கிடைத்துவிட்டது, வந்த காரியம் நடக்கவில்லை. கையெழுத்து கிடைத்த பிறகும் காது சிவப்பதற்குக் காரணம் இது என்றே நினைக்கிறேன்.

சரி, ஆட்டக்காரர்தான் என்ன செய்வார்? அவர் நமக்குக் கடன்பட்டிருக்கிறாரா? டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தோம், ஆட்டம் ஆடினார், கணக்கு அதோடு தீர்ந்தது. "நாங்கள் இல்லாவிட்டால் இவன் ஏது?" என்று கையெழுத்து கிடைக்காதவர்கள் கேட்பதுண்டு. இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் புத்தகம் வாங்கியவர்கள் எல்லாரும் என் வீட்டுக் காப்பிக்கு உரிமை கொண்டாடலாம். எனக்கு இதில் சம்மதம் இல்லை. கையெழுத்து கடன் அல்ல. ஆனால் நேரே வந்து நிற்கிற மனிதனை மனிதனாகப் பார்ப்பது, அது கடன்தான். கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு மாத்திரம் அல்ல, ரேஷன் கடை குமாஸ்தாவுக்கும் உள்ள கடன்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வேடிக்கையான சம்பவம் உதவும். 1948ஆம் ஆண்டு பிராட்மன் தலைமையில் ஆஸ்திரேலிய அணி கப்பலில் இங்கிலாந்துக்குப் போயிற்று. ரசிகர்களுக்காக ஆயிரக்கணக்கான தாள்களில் அணியினர் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். சிட் பார்ன்ஸ் என்ற ஆட்டக்காரர் கெட்டிக்காரர். தம் கையெழுத்தை ரப்பர் முத்திரையாகச் செய்து எடுத்துக்கொண்டார். தாள்களில் குத்துகிற வேலையையும் வேறு கைக்கு மாற்றிவிட்டார். அப்படிக் குத்தின தாளைப் பொக்கிஷமாக வைத்திருந்தவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் சந்தோஷத்தில் ஒரு குந்துமணி குறையவில்லை. அப்படியானால் அதில் என்ன மோசடி என்று கேட்கலாம். மோசடிதான். கையெழுத்து என்பது எழுத்தின் வடிவம் அல்ல; வடிவத்தை அச்சாபீஸிலேயே போட்டுவிடலாமே. இந்தக் காகிதத்தின்மேல் இன்னாருடைய கை ஒரு வினாடி இருந்தது என்கிற சத்தியம் அது. அந்த வினாடி இல்லாவிட்டால் மிச்சம் வெறும் மை. ஆனாலும் பார்ன்ஸை முழுக்கக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. முகமே இல்லாமல் ஆயிரக்கணக்கில் கேட்கிற கூட்டத்துக்கு முகமே இல்லாத கையெழுத்தைக் கொடுத்தார், அவ்வளவுதானே?

இந்த வெறும் மைக்குப் பின்னால் பெரிய வியாபாரமே நடந்தது. 1990களில் அமெரிக்காவில் போலிக் கையெழுத்துக் கும்பல் ஒன்றை மத்தியப் புலனாய்வுத் துறையினர் வளைத்துப் பிடித்தபோது, அகப்பட்ட சரக்குகளில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தும் இருந்ததாம். அன்னைக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று போலி செய்தவனும் யோசிக்கவில்லை. வாங்க நினைத்தவனும் யோசித்திருக்க மாட்டான்.

அதே கப்பலில் போன பிராட்மன் இதற்கு நேர் எதிர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பல்லாண்டுக் காலம், அடிலெய்டில் தம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து வந்த கடிதங்களுக்கெல்லாம் தினமும் மணிக்கணக்கில் பதில் எழுதிக் கையெழுத்திட்டு வந்தார். 2001இல் தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார். இது தருமமா, தண்டனையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது ஆண்டு ஆடியதற்கு ஐம்பது ஆண்டு கையெழுத்துப் போடுவது என்றால் கேட்கவே கை வலிக்கிறது.

கை வலியையும் கடமையையும் ஒரே வெட்டாக வெட்டி எறிந்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பில் ரஸ்ஸல். 1957 முதல் 1969 வரை பதின்மூன்று பருவங்களில் பாஸ்டன் நகர அணி பதினொரு தடவை சாம்பியன் ஆயிற்று. அதற்கு முக்கிய காரணம் அவர். உச்சிப் புகழில் இருந்த அந்தக் காலத்திலேயே அவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். பெரியவருக்கும் இல்லை, குழந்தைக்கும் இல்லை. கேட்டவரிடம், கையெழுத்து வேண்டாம், கை குலுக்கலாம், இரண்டு வார்த்தை பேசலாம் என்பார். பலருக்கு அது பிடிக்கவில்லை. கர்வி, முரடன், நன்றி கெட்டவன் என்று பெயர் கட்டினார்கள்.

அவர் நிலையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் கறுப்பர். எந்த ஊருக்காக அவர் கோப்பைமேல் கோப்பையாக வாங்கிக் கொடுத்தாரோ, அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் அவர் குடியிருந்தார். ஒரு சமயம் அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சிலர் புகுந்து, பரிசுகளை உடைத்து, சுவரில் நிறத்தைச் சொல்லி வசை எழுதி, படுக்கையை மலத்தால் அசிங்கப்படுத்திவிட்டுப் போனார்கள். அந்தப் படுக்கையைப் பார்த்த மனிதனிடம் மறுநாள் ஒருவன் அசட்டுச் சிரிப்போடு நோட்டை நீட்டினால் என்ன தோன்றும்? என் பெயர் உங்கள் பீரோவுக்கு வேண்டும். நான் உங்கள் தெருவுக்கு வேண்டாமா என்று தோன்றாதா? 1972இல் அவர் சட்டை எண்ணுக்கு மரியாதை செய்து ஓய்வு கொடுத்தபோது, ரசிகர்களை அரங்கத்துக்குள் விடுவதற்கு முன்பே, தம் தோழர்கள் மாத்திரம் நிற்க, அந்தச் சடங்கை முடித்துவிடச் செய்தார்.

நான் அந்தப் பக்கமே நிற்கிறேன் என்றாலும், முழுமனதோடு நிற்க முடியவில்லை. நோட்டை நீட்டியவர்களில் பத்து வயதுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். சுவரில் கிறுக்கியவன் பாவத்துக்கு அந்தப் பிள்ளை ஏன் பதில் சொல்ல வேண்டும்? "கை கொடு, பேசு" என்று அவர் சொன்னது உயர்ந்த வார்த்தை. ஆனால் பேச வாய் வராததால்தானே அந்தப் பிள்ளை காகிதத்தோடு வந்திருக்கிறான்? ஏழடி உயரத்துக்கு நெருங்கின ஒரு மனிதர் குனிந்து, "என்ன பேசலாம், சொல்லு" என்று கேட்டால் பாவம், அவனுக்கு அழுகைதான் வரும். கூச்சம் உள்ளவனுக்குக் கிண்ணம் வேண்டியிருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வா என்றால் வாசற்படியிலேயே நின்றுவிடுவான்.

பிற்காலத்தில், 1990களில், அதே ரஸ்ஸல் பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திட ஆரம்பித்தார். கொள்கை போயிற்று என்று சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். இது வியாபாரம் என்று அறிந்து, விலை சொல்லி விற்பதில் பாசாங்கு இல்லை. அன்பென்று பெயர் சொல்லிக்கொண்டு வந்து வாங்கிப் போய், பிறகு ஏலத்தில் விற்கிறவர்களைக் காட்டிலும் அது நேர்மை. 1999இல் பாஸ்டனில் அவருக்கு மறுபடியும் ஒரு விழா நடந்தது, இந்தத் தடவை கூட்டத்தின் முன்னிலையில். கூட்டம் நெடுநேரம் நின்றுகொண்டு கைதட்டியது. சேப்பாக்கம் எழுந்து நின்ற அதே ஆண்டு. 2022இல் அவர் காலமானார்.

விலை என்றதும் காந்தியடிகள் ஞாபகம் வருகிறது. ஹரிஜன நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தால்தான் அவர் கையெழுத்திடுவார். கேட்கிறவனை யாசகனாக விடாமல் கொடுப்பவனாக மாற்றிவிட்ட தந்திரம் அது. பனியா தந்திரம் என்று அவரே சிரித்திருப்பார். கிரிக்கெட்டோடும் அவர் கையெழுத்துக்கு ஒரு சம்பந்தம் உண்டு. 1933-34இல் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இங்கே சுற்றுப்பயணம் செய்தது. விஜய் மெர்ச்சண்டின் சகோதரியின் நோட்டில் அந்த அணியினர் பதினாறு பேரும் வரிசையாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். பிறகு காந்தியடிகளிடம் அந்த நோட்டை நீட்டியபோது, அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்திலேயே, பதினேழாவது ஆளாகத் தம் பெயரைப் போட்டார். யாரை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தாரோ அவர்கள் அணியில் போய்ச் சேர்ந்துகொண்டார்! கேட்டவர் முகத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் அவரோடு விளையாடிக் கொடுத்த கையெழுத்து அது.

வாங்குகிறவனுக்கு ஆயுள் முழுவதும் நிற்கிற அந்த நிமிஷம், கொடுக்கிறவர் மனசில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. இதில் யார்மேலும் குற்றம் இல்லை. 1926இல் அமெரிக்காவில் ஜானி சில்வெஸ்டர் என்று பதினொரு வயதுச் சிறுவன் படுத்த படுக்கையாகக் கிடந்தான். பேஸ்பால் உலகத்தின் சக்கரவர்த்தியாக இருந்த பேப் ரூத் அவனுக்குக் கையெழுத்திட்ட பந்தை அனுப்பி, உனக்காக ஓர் அடி அடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாரமே ஒரே ஆட்டத்தில் மூன்று முறை மைதானத்துக்கு வெளியே அடித்தார். பையன் பிழைத்தான். நாடு முழுவதும் உருகிப் போயிற்று. மறு வருஷம் ஒரு பெரியவர் ரூத்திடம் வந்து, "நான் ஜானி சில்வெஸ்டரின் மாமா. அவன் சௌக்கியமாக இருக்கிறான்" என்றாராம். "ரொம்பச் சந்தோஷம், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்று வழியனுப்பிவிட்டு, ரூத் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டாராம்: "ஜானி சில்வெஸ்டர் என்பது யாரப்பா?"

இதைச் சொல்லி ரூத்தைப் பரிகாசம் செய்வார்கள். மறந்து போனது உண்மையானால், அதை அந்த மாமா முகத்துக்கு நேரே காட்டிக்கொள்ளாமல் இருந்தாரே, அதைப் பாருங்கள். அந்தப் பையன் மறக்கவில்லை. பிற்காலத்தில் ரூத் நோயில் விழுந்து முடிவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, முப்பது வயது தாண்டிய ஜானி அவரைப் பார்க்கப் போனார். இந்தத் தடவை படுக்கையில் இருந்தவர் மற்றவர்.

இப்போது நோட்டுப் புத்தகமும் பழங்கதையாகிவிட்டது. பையில் இருந்து போனை எடுத்து, வீரரின் தோளுக்குப் பின்னால் தலையை நீட்டி ஒரு படம். அவர் பல் குத்திக்கொண்டிருந்தாலும் சரி. கையெழுத்துக்கு அவர் சம்மதம் வேண்டும், இரண்டு வினாடியாவது நின்றாக வேண்டும். படத்துக்கு அதுகூடத் தேவையில்லை. கூச்சம் குறைந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கூச்சத்தின்மேல் மதிப்பு உண்டு. எதிரே நிற்பது ஒரு மனிதர் என்று ஞாபகம் இருக்கிறவனுக்குத்தான் அது வரும்.

கேட்கிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறேன். ஒரு காலத்தில் கேட்கப்பட்டு, பிறகு கேட்பாரில்லாமல் போனவர்களைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் தங்கம் வென்ற ஹாக்கி அணிகளில் ஆடிய தியான் சந்த், 1979 டிசம்பரில் டில்லி மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் இறந்து போனார்.

சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு கிளப் மைதானத்தில் பரிசளிப்பு விழா. பரிசு கொடுக்க அப்போது பிரபலமாக இருந்த இளம் ஆட்டக்காரர் ஒருவர் வந்திருந்தார். நூறு பையன்களாவது இருக்கும், அவரை மொய்த்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் இரும்பு நாற்காலி போட்டுக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாகாண அணிக்காக வெகு காலத்துக்கு முன்பு ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர். அந்தக் காலத்துப் பையன்கள் இவருடைய சைக்கிளுக்குப் பின்னால் ஓடியிருக்கிறார்கள்.

ஒரு பையன் வேகமாக வந்தான். பன்னிரண்டு வயது இருக்கலாம். ஷூவின் கயிறு அவிழ்ந்து தடுக்கிக்கொண்டிருந்தது.

"தாத்தா, இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்று ஆட்டோகிராப் நோட்டையும் பேனாவையும் அவர் கையில் திணித்துவிட்டுக் குனிந்து கயிறு கட்டினான்.

அவர் நோட்டைப் பிரித்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பேனா வலது கையில் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே இடது கையை என் முழங்காலில் வைத்து லேசாக அழுத்தினார்.

"யார் யார் போட்டிருக்காங்கப்பா?" என்று பையனைக் கேட்டார்.

அவன் கயிற்றை இழுத்துக்கொண்டே பெயர்களை ஒப்பித்தான். இரண்டு மூன்று பெயர்களுக்கு அவர் தலையை ஆட்டினார்.

"நோட்டை நல்லா வெச்சிருக்கே. மழையிலே நனைச்சுடாதே."

"சரி தாத்தா, தாங்க்ஸ்" என்று வாங்கிக்கொண்டு ஓடினான். பாதி தூரம் போய்த் திரும்பி வந்தான். பேனா அவர் கையிலேயே தங்கிவிட்டது. அவர் மூடியைத் திருகி, நன்றாக மூடியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்து, நீட்டினார்.